உள்ளங்கைச் சீனி: ஓய்வு பெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவரின் பழக்கங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், தேயிலைத் தோட்டப்புற முதியோரை வீடு வீடாகச் சென்று பார்க்கும் தாதி நான். இங்கே எழுதுவது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு பெப்ரவரியில் தொடங்கி நவம்பர் வரை நான் அருகிலிருந்து பார்த்த நிகழ்வு. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை இனங்காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இதில் பலித்தவையும் உண்டு, என் கையால் கெட்டதும் உண்டு.

பின்னணி

நான் ‘அம்மா’ என்று அழைக்கும் அந்த மூதாட்டிக்கு அப்போது 68 வயது. 16 வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து 60 வயது வரை தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கணவர் இறந்து பல ஆண்டுகள். மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில் (குடியிருப்பு அறையில்) மருமகளும் பேத்தியும் இவரும் மூன்று பேர். மருமகளும் கொழுந்து எடுப்பவர்தான். காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுப் போனால் மாலையில்தான் திரும்புவார். பேத்தி பத்தாம் வகுப்பு.

உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அம்மாவுக்கு இருந்தன. மறதி தொடங்கியிருப்பதாகவும் கிளினிக் டொக்டர் குறித்திருந்தார். அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை, சீனி வருத்தத்துக்குச் சாப்பாட்டோடு மாத்திரை. பெப்ரவரி கிளினிக்கில் அழுத்தம் 172/98. மாத்திரைப் பைக்கற்றை வாங்கிப் பார்த்தால், 30 நாட்களுக்குக் கொடுத்ததில் 13 அப்படியே இருந்தது. அதற்கு முந்திய வாரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கியிருந்தது.

மருமகள் அலுத்துப்போயிருந்தார். "மாமிக்கு வீம்பு மிஸ்ஸி. எத்தனை தடவை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. நாள் முழுக்க இஸ்தோப்பில் உட்கார்ந்தே இருப்பார்" என்றார். இஸ்தோப்பு என்பது காம்பராவின் முன்திண்ணை. உழைத்துக் களைத்த ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொன்ன சொல் அது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ‘வீம்பு’ என்ற சொல்லை நானும் அன்று நம்பிவிட்டேன். அதுவே எங்கள் முதல் மாதத்தை வீணாக்கியது.

முதலில் செய்ததும் பலிக்காததும்

பயிற்சியில் கற்றுக்கொண்டதை அப்படியே செய்தேன். நாட்களைக் கட்டம் கட்டி எழுதிய அட்டையைச் சுவரில் ஒட்டினேன். அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அந்த அட்டை அவருக்குச் சுவரில் இன்னொரு காகிதம், அவ்வளவுதான். காலை எட்டு மணிக்குப் பேத்தியின் பழைய கைப்பேசியில் அலாரம் வைத்தோம். அது அடித்தபோதெல்லாம் மகன் கூப்பிடுகிறான் என்று எடுத்துக் காதில் வைத்தார். பதில் வராததால் மனம் வருந்தி, ‘அவனுக்கு என்ன ஆயிற்றோ’ என்று பக்கத்துக் காம்பராவில் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் அலாரத்தை எடுத்துவிட்டோம்.

நடக்கச் சொன்னதும் இப்படித்தான் முடிந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு பெற வேண்டும், அதிலும் மூன்று நாளாவது உடல் தள்ளாடாமல் நிற்கப் பழக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதை எளிதாக்கி, "தினமும் அரைமணி நேரம் நடங்கள் அம்மா" என்றேன். தலையாட்டினார். ஒருநாளும் நடக்கவில்லை. எதற்காக, எங்கே, யாரோடு என்ற எதுவும் இல்லாத நடை அவருடைய 68 ஆண்டு வாழ்க்கையில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கவனித்தவை

மார்ச் தொடக்கத்தில் ஓர் இரவு அந்த லயத்திலேயே, உறவினர் வீடொன்றில் தங்க நேர்ந்தது. விடியுமுன் அம்மாவின் காம்பராவுக்குப் போனேன். அதற்கு முன் நான் போனதெல்லாம் பத்து மணிக்குப் பிறகு.

காலை நாலரைக்கு எழுந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. அந்தக் காலத்தில் தப்புப் பறை அடித்து எழுப்புவார்கள், அந்த நேரம் உடம்பில் தங்கிவிட்டது என்று மருமகள் சொன்னார். இருட்டிலேயே அடுப்பு மூட்டி, கேத்தலை வைத்து, டம்ளரை எடுத்துக் கழுவி, தேயிலை போட்டார். ஒரு பொருளையும் தேடவில்லை. பேத்தியின் பெயர் இரண்டு தடவை தடுமாறிய அதே மனிதர்தான் இவர்.

பிறகு அலமாரியின் இரண்டாம் தட்டில் கை வைத்துப் பால்மா டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகைச் சீனியை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். சீனியை நாக்கில் ஒற்றி, மேலே பால் சேர்க்காத சூடான பிளேன்டீ ஒரு மிடறு. மறுபடி ஒற்றி, மறுபடி ஒரு மிடறு. தேநீரில் சீனியைக் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்துக் குடிக்கும் பழைய தோட்டத்து வழக்கம். சீனி வருத்தக்காரருக்கு இது ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏதோ நிறுத்தியது, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் முடிந்ததும் எழுந்து, கதவருகே ஆணியில் தொங்கிய பழைய படங்கை, கொழுந்து எடுக்கையில் இடுப்பில் சுற்றிக் கட்டும் கனத்த விரிப்பை, தொட்டுப் பார்த்தார். இஸ்தோப்புக்குப் போய் உட்கார்ந்தார். ஆறரைக்குப் பெண்கள் கூடையோடு கரத்தை ரோட்டில் (தோட்டத்து வண்டிப்பாதையில்) போகையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் போன பிறகு நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். அன்று பகலில் கீரை ஆய்ந்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே இரண்டு கைகளும் தனித்தனியாக, தளிரை மட்டும் கிள்ளிக் கிள்ளிப் போட்டன. கண் கீழே இறங்கவே இல்லை.

வீம்பு எங்கே இருக்கிறது இதில்? எழுவது, அடுப்பு, தேநீர், படங்கு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், கொழுந்து மலை என்று 44 ஆண்டு ஒன்றையொன்று இழுத்துச் சென்ற சங்கிலி. ஓய்வு கொடுத்த நாளில் அதன் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதியின் பத்திரத்தில் கைநாட்டு வாங்கியதோடு காரியம் முடிந்தது. நாளை விடிந்தால் உன் கால் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. முன்பாதி மட்டும் எட்டு ஆண்டாக ஒவ்வொரு விடியலிலும் தொடங்கித் தொடங்கி, அந்த ஆணியருகே வந்து நின்றுபோயிருக்கிறது.

மூளைக்குள் நடப்பது

புதிதாக ஒன்றைச் செய்யும்போது மூளையின் முன்பகுதி ஒவ்வொரு படியையும் யோசித்து முடிவெடுக்கிறது. நேற்று நடந்ததை இன்று நினைவில் கொண்டுவருவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை. அதே செயலை அதே இடத்தில், அதே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, பொறுப்பு மெல்ல மெல்ல மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கங்லியா என்ற நரம்புத்திரளுக்கு மாறுகிறது. செயலின் முடிவில் உடலுக்கு இதமான ஏதாவது கிடைத்தால், டோபமின் என்ற மூளை இரசாயனம் அந்த இணைப்பை உறுதியாக்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியலின் குழுவினர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில் இது அழகாகத் தெரிந்தது. புதிர்வழியில் ஓடப் பழகும் எலிகளின் மூளையில் அந்தப் பகுதி முதலில் ஓட்டம் முழுவதும் துடித்தது. பழகிய பின் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலமாகத் துடித்தது. நடுவில் உள்ளதெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிட்டது.

மறதி நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸைத்தான். அதனால்தான் அம்மாவுக்கு நான் நேற்றுச் சொன்னது தங்கவில்லை, டின் இருக்கும் தட்டு மட்டும் கைக்குத் தெரிந்தது. மருத்துவ உலகில் ‘ஈ.பி.’ என்று அறியப்பட்ட நோயாளி ஒருவருக்கு வைரஸ் தாக்கிய மூளைக்காய்ச்சலால் அந்தப் பகுதி ஏறத்தாழ முற்றாக அழிந்துபோயிருந்தது. அவரும் அதே நிலையிலிருந்த இன்னொருவரும், எட்டுச் சோடிப் பொருட்களில் சரியானதை எடுக்க, வாரக்கணக்கான பயிற்சியில் கற்றுக்கொண்டார்கள். கற்றோம் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. கை மட்டும் சரியானதை எடுத்தது. லாரி ஸ்குவையரின் குழு 2005 இல் வெளியிட்ட ஆய்வு இது. இதன் மறுபாதியை நான் அப்போது கவனமாகப் படிக்கவில்லை. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளையின் ஆழத்துச் சிறு நாளங்களைச் சிதைக்கிறது. பேசல் கங்லியாவுக்கு இரத்தம் கொண்டு செல்பவையும் அவைதான். அம்மாவிடம் இன்னும் பழுதில்லாமல் இருந்த பகுதியைக் காப்பாற்றவே அந்த மாத்திரை வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகள்

புதிதாக ஒரு நேரத்தையும் கொண்டுவருவதில்லை, இருக்கும் சங்கிலியில் கொளுவுவது என்று தீர்மானித்தோம். மருமகளையும் பேத்தியையும் அடுப்படியில் உட்காரவைத்துத்தான் பேசினேன். முதல் யோசனை மருமகளுடையது: "அந்தக் கைக்குச் சீனிக்குப் பதில் மாத்திரை வந்தால் என்ன?"

டொக்டரிடம் கேட்டோம். அழுத்த மாத்திரையை விடியற்காலைத் தேநீரோடு எடுக்கலாம் என்றார். மற்றதை ரொட்டியோடு எடுக்க வேண்டும். சீனியை வேறு டின்னுக்கு மாற்றி மேல்தட்டில் வைத்தோம். பழைய பால்மா டின்னில், அதே இரண்டாம் தட்டில், ஒவ்வொரு இரவும் பேத்தி ஒரே ஒரு மாத்திரையை உறையோடு போட்டு வைப்பாள். முழுப் பைக்கற்றும் மருமகளின் பெட்டிக்குள் பூட்டில். மறதி உள்ளவர் எடுத்ததை மறந்து மறுபடி எடுத்துவிடக் கூடும். பழக்கம் எவ்வளவு நன்றாகப் படிகிறதோ அந்த ஆபத்தும் அவ்வளவு கூடும். டின் வெறுமையாக இருந்தால் இரண்டாவது தடவைக்கு வழியில்லை.

சீனியின் இனிப்பை எடுத்துவிட்டு இடத்தை வெறுமையாக விடக்கூடாது. அம்மாவுக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் பிரியம். வழக்கமாகத் தடிமன் (சளி) வந்தால் மட்டும் போடுவது. இனி விடியல் தேநீர் தினமும் இஞ்சியோடு.

கேத்தல் கொதிக்கும் வரை கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், கதவு நிலையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி நிற்பது, பிறகு ஒற்றைக் காலில் நிற்பது. வழுக்கி விழுந்த பயம் இருந்ததால் இதற்கு உடனே ஒத்துக்கொண்டார்.

நடைதான் சிக்கலானது. ஆணியில் தொங்கிய படங்கை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு, போகும் பெண்களோடு பிரட்டுக்களம் வரை நடந்து, சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரலாம் என்றேன். மருமகள் கண்கலங்கிவிட்டார். "கிழவியை மறுபடி வேலைக்கு விரட்டுகிறாள் என்று லயமே பேசும் மிஸ்ஸி." எனக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது: வேலைக்குப் போகிறோம் என்று அவரை ஏமாற்றுகிறோமா? அதனால் அம்மாவிடமே கேட்டோம். அவர் படங்கைக் கையில் எடுத்து, நாடாவை நீவிவிட்டு, "கொழுந்துக்கு இல்லை, காலுக்கு. அங்கே போனால் நாலு முகம் பார்க்கலாம்" என்றார். கங்காணியிடம் சொல்லிவைத்தோம். குளவியும் இரத்தம் உறிஞ்சும் அட்டையும் இருப்பதால் மலைக்குள் இறங்குவதில்லை, கரத்தை ரோட்டு மட்டும் என்று முடிவு. ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு பெண்கள் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள்.

முதல் பத்து வாரங்கள்

முதல் வாரம் மாத்திரை உள்ளங்கைக்கு வந்தது. அம்மா அதை நாக்கில் ஒற்றிப் பார்த்து முகம் சுளித்து, சீனி எங்கே என்று கேட்டார். மருமகள் பக்கத்தில் நின்று இஞ்சித் தேநீரைக் கையில் கொடுத்தார். மூன்று வாரம் தினமும் இப்படியே, பொறுமையாக, கடிந்து ஒரு சொல் சொல்லாமல். அந்தப் பொறுமை என் திட்டத்தில் எழுதியிருந்ததைவிடப் பெரியது.

ஐந்தாம் வாரம் அளவில், மருமகள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தபோது, டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார். மாத்திரை ஏற்கனவே உள்ளங்கையில்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பதுளைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினார். அங்கே மருமகள் கையில் கொடுத்தால்தான் ஆயிற்று. எல்லாம் போயிற்று என்று பயந்துபோய் எனக்குச் சொல்லி அனுப்பினார். பயப்பட வேண்டாம் என்றேன். லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010 இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓடும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, கணக்கிட்டால் சிலருக்கு 254 வரை போகும். இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. திரும்பி வந்த மறுநாள் விடியலில் அம்மாவின் கை நேரே இரண்டாம் தட்டுக்குப் போனது. மே நடுவில், பத்தாம் வாரத்தில், மருமகள் அடுப்படியில் நிற்பதை விட்டுவிட்டார்.

என் தவறு

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது நான் அதைத் திருத்தப் போனேன். நாளுக்கு ஒரு கட்டமாக ஏழு கட்டம் உள்ள அழகான பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி ஒன்றை மே கடைசியில் வாங்கிப் போனேன். துருப்பிடித்த டின் சுத்தமில்லை, பேத்திக்கும் தினசரி வேலை மிச்சம் என்று எண்ணினேன். டின்னை எடுத்துவிட்டு அதே தட்டில் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் போனபோது கழிந்த நாட்களின் நான்கு கட்டமும் நிறைந்திருந்தன. அம்மா மேல்தட்டில் சீனியைக் கண்டுபிடித்திருந்தார். உள்ளங்கையில் மறுபடி சீனி.

நான் கவனமாகப் படிக்காத மறுபாதி இதுதான். ஈ.பி.க்குச் சோடி சோடியாகக் காட்டிய அதே பொருட்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து வைத்து, சரியானவற்றைப் பிரித்தெடுக்கச் சொன்னபோது அவரால் முடியவில்லை. பழக்கம் மறதியைத் தாங்கும். பொருளும் இடமும் மாறுவதைத் தாங்காது. மறதியில்லாத ஒருவர் புதுப் பெட்டியைப் பார்த்து யோசித்துச் சமாளிப்பார். அம்மாவுக்குப் பின்னால் கைகொடுக்க அந்த நினைவு இல்லை. டின்னைத் துருநீக்கிக் கழுவித் திருப்பி வைத்தோம். மூன்றாம் நாளே கை பழைய வழிக்கு வந்தது. நான்கு நாள் மாத்திரை இல்லாமல் போனதற்கு நானே பொறுப்பு.

ஜூன் மழை

தென்மேற்குப் பருவமழையில் லயத்தின் பின்புற மண்சரிவுக்குப் பயந்து மூன்று குடும்பங்களை இரண்டு லயம் தள்ளிக் குடியேற்றினார்கள். அங்கே அடுப்பு எதிர்ப்பக்கம். மே மாதப் பாடம் இருந்ததால் இம்முறை முந்திக்கொண்டோம். அலமாரியை அப்படியே தூக்கிப் போய், அடுப்புக்கு அதே கைப்பக்கமாக வைத்தோம். அதே டின், அதே தட்டு, அதே டம்ளர். படங்குக்குக் கதவருகே அதே உயரத்தில் ஆணி அடித்தது பேத்தி. அப்படியும் முதல் பத்து நாள் மருமகள் கூட நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஓடியது.

நடை மழையில் பாதியாகக் குறைந்தது. பெய்யாத காலைகளில் மட்டும் போனார்கள்.

நவம்பரில் நிலை

அக்டோபர் கிளினிக்கில் அழுத்தம் 138/84. ஜூலைக்குப் பிறகு மாத்திரை மிச்சம் வந்த மாதம் ஒன்றுதான், அதிலும் இரண்டு. விழவில்லை; பீலியிலிருந்து சிறு வாளியில் தண்ணீரும் கொண்டு வருகிறார். பிரட்டுக்களத்தில் மூன்று பெண்களும் பழைய கதை பேசி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இன்னும் இருவர் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

சீனி வருத்தம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. விடியல் தேநீரில் சீனி போனது, பகல் தேநீரில் போகவில்லை. பக்கத்துக் காம்பராவில் அன்போடு கொடுப்பதை மறுக்க அவருக்கும் மனம் வராது, எங்களுக்கும் தடுக்க வழியில்லை. அடுப்புப் புகையையும் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொல்லி அதற்கு 14 காரணங்களை அடுக்கியது. குறைந்த படிப்பு, உயர் அழுத்தம், நீரிழிவு, உடலசைவின்மை, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. இந்த ஒரு காம்பராவிலேயே ஆறு. நாங்கள் தொட்டது மூன்றை.

போன நினைவு திரும்பவில்லை. நவம்பரில் போனபோது என்னை யாரென்று கேட்டார். சொன்னேன். "இருங்கள், தேத்தண்ணி ஊற்றுகிறேன்" என்று அடுப்பை மூட்டினார். கதவு நிலையைப் பிடித்துக் குதிகால் உயர்த்தி நின்றார். டின்னைத் திறந்தார். மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. எதற்கு அம்மா இந்த மாத்திரை என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "தேத்தண்ணிக்கு" என்றார்.

அடுத்த முறை மாற்றிச் செய்வன

முதல் பார்வையை விடியற்காலையில் வைப்பேன். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தது வெறும் மிச்சம்.

ஓடும் பழக்கத்தில் கை வைக்க மாட்டேன், அது பார்க்க எவ்வளவு அழகில்லாமல் இருந்தாலும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் கூட நிற்க ஆள் இருக்கும் வாரத்தில்.

பார்க்கின்சன் நோய் உள்ளவரிடம் இதே வழியை இதே நம்பிக்கையோடு எடுத்துப் போக மாட்டேன். அந்த நோய் பேசல் கங்லியாவையே பாதிக்கிறது. அவர்களுக்கு எழுதிய அட்டையும் தரையில் கோடும் உதவும் சந்தர்ப்பங்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல், எட்டு ஆண்டு காத்திருக்க மாட்டேன். சங்கிலி முழுசாக இருக்கும்போதே, கடைசி மாதத்துச் சம்பளம் வாங்குமுன், வீட்டுக்குப் போக வேண்டும். வரும் ஜனவரியில் அதே தோட்டத்தில் மூன்று பெண்கள் ஓய்வு பெறுகிறார்கள். மூவரிடமும் பேசினேன், இருவர் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவரின் காம்பராவில், தேயிலைப் போத்தலுக்குப் பக்கத்தில், சிறிய டின் ஒன்று இப்போதே தட்டில் இருக்கிறது.